வாய் திறந்திருக்கும்போது முறியும் ஊசி

வேர் சிகிச்சையில் பல் மருத்துவர் வேர்க்குழாய்க்குள் விட்டுத் தேய்க்கும் மெல்லிய உலோக ஊசிக்கு ஃபைல் என்று பெயர். பத்தாம் எண் ஃபைலின் நுனி 0.1 மில்லிமீட்டர்தான், தலைமுடி அளவு. வளைந்த குழாயில் திரும்பும்போது சில நேரம் அது முறிந்து, துண்டு உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. எக்ஸ்ரேயில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு தெரியும். மரத்துப்போன வாயோடு படுத்திருப்பவருக்கோ எதுவும் தெரியாது.

முறிந்ததாலேயே அது கவனக்குறைவு ஆகிவிடாது. திரும்பத் திரும்ப வளைந்த உலோகம் தளர்ந்துபோகும்; கைதேர்ந்தவரிடமும் இது நடக்கும். துண்டு உள்ளே இருக்கும்போதே நன்றாக அடைத்துவிட்டால் அந்தப் பல் பல ஆண்டுகள் உழைக்கலாம். ஆனால் அதற்குக் கீழே கிருமி தங்கிவிட்டால் பின்னால் வலியும் வீக்கமும் வரக்கூடும். அன்று வேறொரு மருத்துவர் திரையைக் காட்டி, "உள்ளே ஊசித்துண்டு இருக்கே, உங்ககிட்ட சொல்லலையா?" என்று கேட்டால், நோயாளிக்கு வலியைவிட அந்தக் கேள்விதான் அதிகம் உறுத்தும்.

சொல்லாமல் விடுவதற்குக் காரணம் பெரும்பாலும் பயம். கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. மன்னிப்புக் கேட்டால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்ற தயக்கம் மருத்துவர்களுக்கு இருப்பது இயல்பே.

இங்கிலாந்து இந்தத் தயக்கத்துக்குச் சட்டத்திலேயே பதில் சொல்லியிருக்கிறது. மன்னிப்புக் கேட்பது மட்டுமே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாகாது என்கிறது அங்குள்ள 2006-ஆம் ஆண்டுச் சட்டம். அங்குள்ள ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் நோயாளிகள் சரியாகக் கவனிக்கப்படாத அவலம் பற்றிய 2013 விசாரணை அறிக்கைக்குப் பிறகு, சிகிச்சையில் கடுமையான பாதிப்பு நேர்ந்தால் நோயாளியிடம் மறைக்காமல் சொல்வது மருத்துவமனைகளின் கடமையானது. 2015 ஏப்ரல் முதல் பல் மருத்துவமனைகளுக்கும் அது பொருந்தும்.

உண்மையைச் சொன்னால் வழக்கு குவியும் என்பதும் சரியல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை 2001-இல் தவறுகளைத் தானே சொல்லி ஈடு தரத் தொடங்கியது. அதன்பின் இழப்பீட்டுக் கோரிக்கைகள், 1 லட்சம் சிகிச்சைச் சந்திப்புகளுக்கு ஏறத்தாழ 7 என்பதிலிருந்து 4.5 ஆகக் குறைந்தன.

சொல்லும் விதமும் முக்கியம். நாற்காலியை நிமிர்த்தி, நோயாளியை வாய் கொப்பளிக்க வைத்து, படத்தில் அந்தக் கோட்டைக் காட்ட வேண்டும். அடுத்து என்ன வழிகள் என்பதையும் சொல்ல வேண்டும்: துண்டை எடுக்க முயலலாம், பக்கவாட்டில் வழி கண்டு சுத்தம் செய்யலாம், அப்படியே அடைத்துவிட்டுக் கவனிக்கலாம். வேர் சிகிச்சை நிபுணரிடம் அனுப்பினால் செலவு யாருடையது என்பதையும் அங்கேயே பேசி, நோயாளியின் பதிவேட்டில் எழுதி, எக்ஸ்ரே நகலை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.