பழைய கம்ப்யூட்டரில் டிவிடி ரைட்டர் ஓட மறுக்கிறதா?

விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கம்ப்யூட்டரில் டிவிடி ரைட்டரை மாட்டிவிட்டீர்கள். டிரே திறந்து மூடுகிறது. ஆனால் ‘மை கம்ப்யூட்டர்’ திரையில் ஆளைக் காணோம். ரைட்டர் போய்விட்டது என்று உடனே புதிது வாங்கிவிடாதீர்கள்.

எங்கே தொடங்குவது? பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை நிரல்). ஆன் செய்தவுடன் டெலிட் அல்லது எஃப்2 பொத்தானைத் தட்டினால் பெரும்பாலும் அந்தத் திரை வரும். அங்கே ரைட்டரின் பெயர் இருக்கிறதா?

இல்லையென்றால் விண்டோஸை நோண்டிப் பயனில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறங்கள். பட்டையான கேபிள் இரு முனையிலும் இறுக்கமாக இருக்கட்டும். ஹார்டு டிஸ்க்கும் அதே கேபிளில் இருந்தால், ரைட்டரின் பின்புறமுள்ள ஜம்பரை (இரண்டு ஊசிகளை இணைக்கும் குட்டி மூடி) பாருங்கள். ஒன்று மாஸ்டர் என்றால் மற்றது ஸ்லேவாக இருக்க வேண்டும். எந்த ஊசி எதற்கு என்று பெரும்பாலும் ரைட்டரின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். நகத்துக்குச் சிக்காத மூடியைச் சிறு இடுக்கியால் இழுக்கலாம்.

பயாஸில் இருக்கிறது, விண்டோஸில் மட்டும் இல்லையா? டிவைஸ் மேனேஜரில் (கருவிகளை விண்டோஸ் பட்டியலிடும் இடம்) ரைட்டர் மீது மஞ்சள் ஆச்சரியக்குறி இருந்தால், என் முதல் சந்தேகம் நீங்கள் எப்போதோ நீக்கிய சிடி எழுதும் மென்பொருள் மீதுதான். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் இடம்) அது விட்டுச்சென்ற ‘அப்பர்ஃபில்டர்ஸ்’, ‘லோயர்ஃபில்டர்ஸ்’ என்ற இரு பதிவுகள் வழியை மறிக்கும். ‘கிளாஸ்’ பகுதியில் 4டி36இ965 என்று தொடங்கும் பிரிவில் அவற்றை அழித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இங்கே மட்டும் அவசரம் கூடாது. 965-க்கு அருகிலேயே 967 இருக்கிறது. அது ஹார்டு டிஸ்க்குக்கு உரியது. அங்கே கைவைத்தால் விண்டோஸே எழாமல் போகலாம். முதலில் ரெஜிஸ்ட்ரிக்கு ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

ரைட்டர் தெரிகிறது, ஆனால் எழுதும்போது மவுஸ் திக்கித் திக்கி நகர்கிறது, டிஸ்க்கும் வீணாகிறது. ஏன்? தொடர்ந்து பிழைகள் வந்தால் எக்ஸ்பி தானாகவே டிஎம்ஏ முறையை (தரவு நேரே நினைவகத்துக்குப் போகும் வேகமான முறை) கைவிட்டு மெதுவான முறைக்கு இறங்கிவிடும். டிவைஸ் மேனேஜரில் ரைட்டர் இருக்கும் ஐடிஇ சேனலை (அந்தப் பட்டையான கேபிளின் இணைப்பு) அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள், வேகம் திரும்பும். மறுபடி இறங்கினால் கேபிளை மாற்றுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் டிவிடி எழுத வழியே தெரியவில்லையா? எக்ஸ்பி தானாக எழுதுவது சிடி மட்டுமே. டிவிடிக்கு இம்க்பர்ன் போன்ற தனி மென்பொருள் வேண்டும். அதில் ‘வெரிஃபை’ (எழுதியதைச் சரிபார்த்தல்) தேர்வைப் போட்டு, டிஸ்க் தேறிய பிறகே ஹார்டு டிஸ்க்கிலுள்ள கல்யாணப் படங்களை அழியுங்கள்.