இணைய வானொலி தொடங்கிவிடலாம், நடத்த முடியுமா?

அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஓர் அறை, ஒரு மைக், ஒரு கணினி இருந்தால் இணைய வானொலி தொடங்கிவிடலாம். எஃப்.எம். நிலையங்களைப் போல ஏலம் எடுத்து அலைவரிசை வாங்க வேண்டியதில்லை. மாதா மாதம் நடத்துவதில்தான் சிரமம்.

பணம் எதில் போகிறது? எஃப்.எம். ஒலிபரப்பை நூறு பேர் கேட்டாலும் லட்சம் பேர் கேட்டாலும் செலவு ஒன்றுதான். இணையத்தில் ஒவ்வொரு நேயருக்கும் ஒலியைத் தனித்தனியாக அனுப்ப வேண்டும். நொடிக்கு 64 கிலோபிட் என்ற சுமாரான தரத்தில் ஒருவர் ஒரு மணி நேரம் கேட்டால் 29 எம்.பி. செலவாகும். 200 பேர் தினமும் 3 மணி நேரம் கேட்டால் மாதம் ஏறக்குறைய 520 ஜி.பி. நேயர் கூடக் கூட, சர்வர் (ஒலியை அனுப்பும் வாடகைக் கணினி) கட்டணமும் கூடும்.

இளையராஜா பாட்டு போட்டால் கூட்டம் வருமே? வரும். ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் இரண்டு உரிமைகள் உண்டு: வரிக்கும் மெட்டுக்கும் ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. பதிப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவு, நிர்ணயித்த கட்டணம் கட்டி வானொலிகள் பாட்டு போட வழி தருகிறது. அந்தச் சலுகை இணைய ஒலிபரப்புக்குப் பொருந்தாது என்று விங்க் என்ற பாட்டுச் செயலி மீதான வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2019இல் சொன்னது. 2022இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. ஆகவே இசை நிறுவனங்களிடம் நீங்களே பேசி அனுமதி வாங்க வேண்டும். அவர்கள் கேட்பதுதான் விலை, மறுக்கவும் செய்யலாம்.

பழைய பாட்டு போடலாமா? வெளியாகி 60 ஆண்டு கடந்தால் ஒலிப்பதிவின் உரிமை முடியும். கவிஞரின் உரிமையோ அவர் மறைந்து 60 ஆண்டு வரை நீளும். கண்ணதாசன் 1981இல் மறைந்தார். அவர் வரிகளுக்கு 2041 முடியும்வரை உரிமை உண்டு.

வெளிநாட்டிலும் இதே பாடுதான். அமெரிக்காவில் சிறு நிலையங்களுக்கான சலுகைக் கட்டணம் 2015 முடிவில் காலாவதியானது. அவற்றை ஆயிரக்கணக்கில் தாங்கிவந்த லைவ்365 என்ற தளம் அடுத்த மாதமே மூடியது. பிறகு வேறொருவர் வாங்கித்தான் 2017இல் திரும்ப வந்தது.

சரி, விளம்பரம்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். உங்கள் நேயர் துபாயிலும் டொராண்டோவிலும் இருக்கலாம். அம்பத்தூர் சி.டி.எச். சாலையில் கடை வைத்திருப்பவருக்கு அவர்களால் ஒரு ரூபாய் வியாபாரம் நடக்காது. "நம்ம ஏரியாவில எத்தனை பேர் கேக்குறாங்க?" என்றுதான் அவர் கேட்பார். சர்வர் கணக்கு பெரும்பாலும் 'சென்னை' என்று மட்டுமே காட்டும்; பூந்தமல்லியையும் அடையாற்றையும் பிரித்துக் காட்டாது. அதனால் ஒலிபரப்பில் ஒரு சொல்லை அறிவியுங்கள். அதைச் சொல்பவருக்குக் கடையில் தள்ளுபடி. மாதக் கடைசியில் அந்த எண்ணிக்கையைக் கடைக்காரரே எண்ணிக்கொள்வார். இதைவிட நம்பகமான சான்று உங்களிடம் இருக்காது.

என் யோசனை இதுதான்: பாட்டை விட்டுவிட்டு ஊரைப் பேசுங்கள். எந்தத் தெருவில் பராமரிப்புக்காக மின்தடை, அரக்கோணம் மார்க்கத்தில் எந்த ரயில் ரத்து, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எந்தப் பட்டறைக்கு ஆள் வேண்டும் என்பதையெல்லாம் பெரிய நிலையங்கள் சொல்வதில்லை. பேச்சுக்கு உரிமத்தொகையும் கிடையாது.

உங்கள் தெருவிலேயே மின்தடை வந்தால்? முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்த நிகழ்ச்சிகளைச் சர்வரிலேயே ஏற்றிவைத்து, தானாக ஓடும்படி அமைத்துவிடுங்கள். நேரலைக்கு யு.பி.எஸ்.ஸும் இரண்டாவது இணைய இணைப்பும் வேண்டும். மாதக் கணக்கில் இவற்றையும் எழுதி, நாலைந்து கடைகளிடம் மூன்று மாத விளம்பரத்துக்குப் பேசி முடித்த பிறகு சர்வருக்குப் பணம் கட்டுங்கள்.