அலுவலகத்திலிருந்து வரலாற்றுக்கு: வி. கனகசபைப் பிள்ளை காட்டும் வழி

வரலாறு எழுதுதல் பல்கலைக்கழகப் பேராசிரியர்க்கே உரிய பணி என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணத்தைத் திருத்தும் இருவரை ஈண்டு நினைவுகூர விழைகின்றோம்.

ஒருவர் அமெரிக்கராகிய சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ் (1835–1915). 1884 முதல் 1890 வரை யூனியன் பசிபிக் இருப்புப்பாதை நிறுவனத்தின் தலைவராக விளங்கியவர். அதற்குமுன் மாசசூசெட்ஸ் மாநில இருப்புப்பாதை ஆணையத்தில் பணியாற்றினார். ஆணையிட்டு அடக்கும் அதிகாரம் அவ்வாணையத்துக்கு மிகக் குறைவு. கண்டறிந்த உண்மைகளை மக்கள் முன் வைப்பதே அதன் வலிமை. 1879இல் இருப்புப்பாதை விபத்துகளை ஆராய்ந்து நூல் எழுதிய ஆடம்ஸ், 1892இல் மாசசூசெட்ஸ் வரலாற்று நூலொன்றை வெளியிட்டு, அதில் தம் சொந்த ஊரான குவின்சியின் ஆட்சிமுறை வளர்ந்த வரலாற்றையும் விரித்துரைத்தார்.

மற்றவர் நம் வி. கனகசபைப் பிள்ளை (1855–1906). யாழ்ப்பாணத்து மல்லாகத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் சென்னையில் பிறந்து, அஞ்சல் துறைக் கண்காணிப்பாளராகப் பணிபுரிந்தவர். பணிக்கிடையே ஏட்டுச் சுவடிகளைத் திரட்டினார், அவற்றை உ. வே. சாமிநாதையரின் பதிப்புப் பணிக்கும் உவந்து அளித்தார். அகநானூறு அச்சேறாத அக்காலத்தில் அதனைச் சுவடியிலேயே பயின்றார். அவ்வுழைப்பின் பயனாக 1904இல் அவருடைய ஆங்கில நூல் வெளிவந்தது. அதனையே பின்னர்க் கா. அப்பாத்துரையார் 'ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட தமிழகம்' எனத் தமிழாக்கினார்.

கனகசபையாரின் நெறி யாது? சங்கப் பாடல்கள் கூறும் துறைமுகங்களையும் பண்டங்களையும், பிளினி, தாலமி முதலிய அயல்நாட்டார் குறிப்புகளோடு ஒப்பிட்டார். சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவன் எடுத்த கண்ணகி விழாவுக்கு வந்ததாகக் கூறப்படும் இலங்கை வேந்தன் கயவாகுவை, மகாவம்சம் சுட்டும் கஜபாகுவாகக் கொண்டார். அதனால் செங்குட்டுவன் காலத்தைக் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் நிறுத்தினார். இம்முடிவைப் பின்வந்த ஆய்வாளர் சிலர் ஏற்றனர். சிலர் காப்பியச் செய்தி ஒன்றை மட்டும் நம்பிக் காலம் கணித்தல் தகாது என மறுத்தனர். மறுக்கவும் இயன்றதற்குக் காரணம், அவர் தம் சான்றுகளை மறைக்காமல் முன்வைத்தமையே. தமிழின் தொன்மையைப் பெருமிதத்தால் மட்டும் நிறுவ முடியாது என்பதை மாணவர் இதனின்று உணர்தல் வேண்டும். சான்று காட்டாத பெருமை, கேட்பவர் ஒருவர் வினவிய அளவிலேயே சாய்ந்துவிடும்.

நாம் கூடியிருக்கும் பாலோவும் கிம்மாஸ்–ஜொகூர் பாரு இருப்புப்பாதை வழியில் அமைந்த ஊரே. இவ்வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழரின் வாழ்வைப் பள்ளி வருகைப் பதிவேடுகளும், கோயில் வரவு செலவுக் கணக்குகளும், பழைய கடிதங்களும், முதியோர் நினைவுகளுமே தாங்கி நிற்கின்றன. தோட்டம் கைமாறும்போது ஏடுகள் குப்பைக்குச் செல்லும். முதியோர் மறையும்போது நினைவும் உடன் மறையும். அவற்றைப் படியெடுத்து, இது யார் சொன்னது, எந்த ஏட்டில் உள்ளது, எந்த ஆண்டுக்குரியது என ஒவ்வொன்றின் அருகிலும் குறித்துவைத்தல் ஆசிரியரும் மாணவரும் இன்றே தொடங்கக்கூடிய பணியாகும். அஞ்சல் அலுவலர் ஒருவர்க்கு இயன்றது நமக்கும் இயலும்.