இனிஷியலை வைத்துக்கொண்டு சொந்தக்காரரைத் தேட முடியுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் வாரம் பாட்டு, அடுத்த வாரம் கேம்ஸ், அதற்கடுத்து போட்டோ ஆல்பம் என்று போகும். எங்கள் வீட்டில் தாத்தா முதல் நாளே வேலை கொடுத்துவிட்டார்.

வந்தவாசிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் கிராமத்து வீட்டில் அப்பாவுக்காக ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்து, இன்டர்நெட் இணைப்பையும் கொடுத்துவிட்டு, "எதைக் கேட்டாலும் இதில் தேடலாம்" என்று நான் பெருமையாகச் சொன்னேன். 86 வயது தாத்தா கேட்டார்: "அப்படின்னா எங்க சின்னத் தாத்தா என்னா ஆனாருன்னு பார்த்துச் சொல்லுடா."

தாத்தாவுடைய தாத்தாவுக்கு ஒரு தம்பி. கல்யாணமாகி இரண்டு வருடத்தில், 1902-ஐ ஒட்டி, கரும்புத் தோட்ட வேலைக்கு 'நெட்டாலு' போனவர் திரும்பவில்லை. கடிதமும் இல்லை. அவருடைய மனைவி கடைசி வரை பொட்டை அழிக்காமல் காத்திருந்தாராம். இறந்த தேதி தெரியாததால் அவருக்குத் திதி கொடுத்ததே கிடையாது. ஒவ்வொரு ஆடி அமாவாசையிலும் அவர் பெயரைச் சொல்லலாமா வேண்டாமா என்று எங்கள் வீட்டில் ஒரு தயக்கம் வரும். நான்கு தலைமுறையாக இருக்கும் தயக்கம் அது.

அவர் பெயரை இங்கே குப்புசாமி என்று வைத்துக்கொள்வோம்.

குடும்ப வரலாற்றைத் தேடுவதற்கென்றே வெப்சைட்டுகள் இருக்கின்றன. ஃபேமிலிசர்ச் இலவசம், இமெயில் முகவரி கொடுத்து ஒரு கணக்கு தொடங்கினால் போதும். உள்ளே நுழைந்ததும் கேட்கும் முதல் கேள்வியே நம்மை மடக்கிவிடும். 'லாஸ்ட் நேம்' என்று ஒரு கட்டம்! நம் ஊரில் ஏது லாஸ்ட் நேம்? எனக்கு இனிஷியல் அப்பாவின் பெயர், அப்பாவுக்குத் தாத்தாவின் பெயர். நான்கு தலைமுறையை எழுதினால் நான்கு வேறு வேறு 'குடும்பப் பெயர்' வரும். வெள்ளைக்காரர்களின் வழக்கத்தை மனதில் வைத்து எழுதிய புரோகிராம், ஒரே குடும்பத்தை நான்கு குடும்பமாகப் பார்க்கும்.

ஆனால் கடல் கடந்து போனவர்களுக்கு அங்கே பெயர் உறைந்து போயிற்று. தென்னாப்பிரிக்காவில் இன்று கவெண்டர், மூட்லி, பிள்ளை, நாய்டு, படையாச்சி என்பவை குடும்பப் பெயர்கள். கவுண்டர்தான் கவெண்டர், முதலிதான் மூட்லி. பட்டம் இல்லாமல் ஒற்றைப் பெயரோடு போனவர்களின் பெயரே பிள்ளைகளுக்கும் பேரன்களுக்கும் குடும்பப் பெயராகிவிட்டதும் உண்டு. ஆகவே 'எங்கள் பட்டமும் அதுதான்' என்று யாருக்காவது இமெயில் அனுப்பிவிடாதீர்கள். பட்டம் ஒன்றாக இருப்பது உறவுக்குச் சாட்சி ஆகாது. அங்கே யாருடைய இனிஷியலுக்குள் ஒளிந்திருந்த பெயர் குடும்பப் பெயராக மாறியது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

எங்களுக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு, அவர் போன இடம் நடால் என்பது. சென்னையிலிருந்து முதல் கப்பல் 'ட்ரூரோ' 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரை சேர்ந்தது. அன்றிலிருந்து 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளர்களாகப் போனவர்கள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, கப்பல் வாரியாக எழுதி வைத்தார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம், சில இடங்களில் யாரிடம் வேலைக்குப் போனார், திரும்பினாரா, இறந்தாரா என்பது வரை உண்டு. மூலப் புத்தகங்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிய பட்டியலை குவாசுலு நடால் பல்கலைக்கழகத்தின் காந்தி - லுதுலி ஆவண மையம் இன்டர்நெட்டில் போட்டது. தேடுபொறியில் நடால், ஷிப்ஸ் லிஸ்ட், இன்டென்ச்சர்ட் என்ற மூன்று சொற்களையும் கொடுத்துப் பாருங்கள். பட்டியல் கிடைத்தால் டவுன்லோட் செய்து, எக்ஸெல்லில் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்வது வசதி.

முதல் தொல்லை ஸ்பெல்லிங். அந்தக் காலத்து எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். குப்புசாமி 'கே'யிலும் ஆரம்பிக்கும், 'சி'யிலும் ஆரம்பிக்கும். 'உ' வரும் இடத்தில் 'யு' இருக்கலாம், இரண்டு 'ஓ' இருக்கலாம். இதற்காகவே 'சவுண்டெக்ஸ்' என்று ஒரு முறை உண்டு. அமெரிக்காவில் 1918-ல் காப்புரிமை பெற்றது. பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளைத் தள்ளிவிட்டு, மெய்யெழுத்துகளை எண்களாக்கும். அதன்படி முனுசாமியை எப்படி எழுதினாலும் 'எம்525' என்று ஒரே குறியீடு வந்துவிடுகிறது. ஆனால் குப்புசாமியை 'கே'யில் எழுதினால் கே125, 'சி'யில் எழுதினால் சி125. முதல் எழுத்தை மாற்றாமல் வைத்துக்கொள்வதால் இரண்டும் வேறு ஆள்! சின்னசாமிக்கும் இதே கதிதான்.

எக்ஸெல்லில் சுலபமான வழி இருக்கிறது. ஃபில்டர் போட்டு, தேடும் கட்டத்தில் நட்சத்திரக் குறி, பி, நட்சத்திரம், எஸ், நட்சத்திரம், எம், நட்சத்திரம் என்று கொடுங்கள். நட்சத்திரம் இருக்கும் இடத்தில் எந்த எழுத்து, எத்தனை எழுத்து இருந்தாலும் பிடித்துவிடும். வேண்டாதவர்களும் வருவார்கள், பரவாயில்லை.

ஊரைத் தேடும்போது இன்றைய மாவட்டத்தை மறந்துவிடுங்கள். எங்கள் பகுதி அன்று வட ஆற்காடு ஜில்லா. 1911-ல் தனி ஜில்லாவான சித்தூரின் பல தாலுகாக்களும் அதற்கு முன் வட ஆற்காட்டில் இருந்தவை. ஆகவே பட்டியலில் வட ஆற்காடு என்று இருப்பவர் இன்றைய ஆந்திராவைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். வந்தவாசி அங்கே 'வாண்டிவாஷ்'. 'வி'யில் தேடி ஒரு மணி நேரம் வீணடித்தேன். 'டபிள்யு'வில் ஆரம்பிக்கிறது.

இனி நான் செய்த தவறு. இதைப் படித்துவிட்டு நீங்களும் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

பெயர்களை அகர வரிசையில் அடுக்கலாம் என்று பெயர் இருக்கும் நெடுவரிசையை மட்டும் செலக்ட் செய்து 'சார்ட்' கொடுத்தேன். எக்ஸெல் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டது. 'எக்ஸ்பேண்ட் த செலக்ஷன்', 'கன்டினியூ வித் த கரன்ட் செலக்ஷன்' என்று இரண்டு வழி. படிக்காமல் இரண்டாவதைக் கிளிக் செய்து ஓகே கொடுத்துவிட்டேன். தினமும் ஆபீஸில் இதே வேலை பார்ப்பவன்! என்ன நடக்கும் தெரியுமா? பெயர்கள் மட்டும் இடம் மாறும். தகப்பன் பெயர், ஊர், குறிப்பு எல்லாம் பழைய இடத்திலேயே நிற்கும். ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் இன்னொருவர் வாழ்க்கை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அப்படி ஒரு குப்புசாமி கிடைத்தார். வயது 24, தாலுகா வாண்டிவாஷ், குறிப்பில் 1904-ல் இறந்தார் என்று இருந்தது. தகப்பன் பெயர் மட்டும் ஒத்துவரவில்லை. எழுத்தர் தப்பாக எழுதியிருப்பார் என்று நானே சமாதானம் செய்துகொண்டு, அன்று இரவே போனில் தாத்தாவிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் தலை முழுகி, அடுத்த அமாவாசைக்குக் காத்திராமல் எள்ளும் தண்ணீரும் விட்டதாக அப்பா பிறகு சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து அதே பைலைத் திறந்தபோது, ஒரு பெண்ணின் பெயருக்கு நேராக 'ஆண்' என்று இருந்தது. அடுத்த வரியைப் பார்த்தேன். ஏழு வயதுப் பையனுக்கு மனைவி. கையெல்லாம் சில்லிட்டுப் போயிற்று.

பட்டியலை மீண்டும் டவுன்லோட் செய்து, மூலப் பைலுக்கு ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டு, இந்த முறை முழு வரிகளும் சேர்ந்து நகரும்படி அடுக்கினேன். (நீங்கள் முதலிலேயே காப்பி எடுத்து வையுங்கள். அடுக்குவதற்கு முன்னால் ஓரத்தில் 1, 2, 3 என்று வரிசை எண் போட்டுக்கொண்டால், குழம்பினாலும் கண்டுபிடித்துவிடலாம்.) பெயரை விட்டுவிட்டு, முதலில் தாலுகா, பிறகு கிராமம், பிறகு தகப்பன் பெயர் என்று வடிகட்டினேன். ஒரே ஒருவர் மிஞ்சினார். கிராமம் எங்கள் ஊர். தகப்பன் பெயர் தாத்தா சொன்ன அதே பெயர். வலது முழங்காலில் தழும்பு. அவருடைய உருவத்தைப் பற்றி எங்கள் குடும்பத்திடம் இருக்கும் ஒரே தகவல் அந்தத் தழும்புதான். இறந்ததாகவும் குறிப்பில்லை, திரும்பியதாகவும் குறிப்பில்லை.

தாத்தாவிடம் போனில் சொல்ல மனம் வரவில்லை. அந்த வாரம் ஊருக்குப் போய் நேரில் சொன்னேன். "பரவாயில்லடா. அந்த ஆளுக்கும் எள்ளுத் தண்ணி விட யாரும் இருந்திருக்க மாட்டாங்க" என்றார்.

அடுத்த துருப்பு அந்த எண். நடாலில் அது ஆயுள் முழுவதும் கூடவே வந்த எண். கல்யாணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு எல்லாவற்றிலும் கேட்பார்கள். பெயரைப் போல் அதற்குப் பத்து ஸ்பெல்லிங் கிடையாது. தேடுபொறியில் அந்த எண்ணை மேற்கோள் குறிக்குள் போட்டு, பக்கத்தில் நடால் என்று கொடுத்தேன். ஒரு குடும்ப மரத்தின் அடிக்குறிப்பில் அதே எண் இருந்தது. அவர்களுடைய குடும்பப் பெயர், எங்கள் சின்னத் தாத்தாவின் பெயர்! அவருக்கு மேலே இருந்த கட்டத்தில் 'இந்தியா' என்று மட்டும் எழுதியிருந்தது.

அந்த மரத்தைப் போட்டவர் டர்பனில் இருக்கும் ஒரு பள்ளி ஆசிரியை. முறைப்படி எனக்கு அத்தை. இமெயிலில் முதலில் நான் எல்லாவற்றையும் கொட்டவில்லை. தகப்பன் பெயரையும் கிராமத்தையும் அவர் வாயிலிருந்தே வரட்டும் என்று காத்திருந்தேன். நீங்களும் அப்படிச் செய்வது நல்லது. சொந்தம் என்று சொல்லிக்கொண்டு சொத்துக் கதை, பணக் கதை பேசுபவர்கள் இன்டர்நெட்டில் நிறைய. உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் போன்றவற்றைப் பொதுவில் போடவே போடாதீர்கள்.

அவர் தாத்தாவிடமிருந்த பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து அனுப்பினார். எண், ஊர், தகப்பன் பெயர் மூன்றும் பொருந்தின. இறந்த தேதியும் இருந்தது. தாத்தாவுக்குப் பெரிய எழுத்தில் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன்.

"ஏன் வரலையாம்?" என்றார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஒப்பந்தம் ஐந்து வருடம். அது முடிந்து அங்கேயே தங்கினால் 1895-ம் வருடச் சட்டப்படி ஆண்டுக்கு 3 பவுன் வரி. 1914-ல்தான் அதை நீக்கினார்கள். வரி கட்ட முடியாமல் மறுபடி ஒப்பந்தத்தில் விழுந்தவர்கள் ஏராளம். தாத்தா கேட்டுக்கொண்டார். ஆனால் திரும்பி வரக் கப்பலும் இருந்தது என்பது அவருக்கும் தெரியும்.

இனி இரண்டு மரங்களையும் ஒட்ட வேண்டும். நான் பயன்படுத்துவது 'கிராம்ப்ஸ்' என்ற இலவச சாப்ட்வேர். குடும்பப் பெயர் தகப்பன் பெயரிலிருந்து வந்தது என்று குறிக்க இதில் வசதி உண்டு. நமக்கு அவசியமான வசதி. அவர்கள் மரத்தை 'ஜெட்காம்' என்ற பைலாக வாங்கினேன். குடும்ப மர சாப்ட்வேர்கள் பெரும்பாலானவை இந்த வகைப் பைலைப் படிக்கும். இம்போர்ட் செய்தால் சின்னத் தாத்தா இரண்டு முறை வருவார். இரண்டு பேரையும் செலக்ட் செய்து 'மெர்ஜ்' கொடுத்தால் ஒருவராகிவிடுவார்.

உங்கள் வீட்டிலிருந்து மொரீஷியஸ் போயிருந்தால், மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணங்களில் இதேபோல் எண்ணும், பலருக்குப் போட்டோவும் இருக்கும். பிஜிக்குச் சென்னையிலிருந்து 1903 முதல் கப்பல் போயிற்று. இலங்கை, மலேயா, பர்மா போனவர்களுக்கு இப்படி ஆளுக்கொரு எண் போட்ட முழுப் பட்டியல் கிடைப்பது அரிது.

ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. டர்பன் மரத்தில் சின்னத் தாத்தாவுக்கு ஒரே மனைவி. அங்கே கல்யாணம் செய்துகொண்டவர். இங்கே காத்திருந்தவரைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. கிராம்ப்ஸில் ஒருவருக்கு இரண்டு குடும்பம் சேர்ப்பது இரண்டு கிளிக் வேலை. சேர்க்கலாமா என்று தாத்தாவிடம் கேட்டேன். "அந்தம்மா பேரைப் போடாம என்னடா மரம்?" என்றார்.

எழுதி அனுப்பினேன். ஆறு நாள் பதில் இல்லை. ஏழாவது நாள் அத்தையிடமிருந்து ஒரே வரி வந்தது. தன் பைலிலும் சேர்க்க வேண்டுமாம்; அவருடைய பெயரை ஆங்கிலத்தில் எந்த ஸ்பெல்லிங்கில் எழுதுவது என்று கேட்டிருந்தார்.