எழுத்தட்டைகளை அடுக்கும் குழந்தை

ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் நீண்ட விடுப்பில் சென்றபோது, எங்கள் ஏர்வாடிப் பகுதிப் பள்ளியின் உயர் வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கும் நான் சில மாதங்கள் அவ்வகுப்பையும் கவனித்துக்கொண்டேன். அங்கேதான் அந்தச் சிறுவனைக் கண்டேன். பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப மாட்டான். பாட்டுப் பாடினால் சேர மாட்டான். ஆனால் எழுத்தட்டைப் பெட்டியைத் திறந்தவுடன் ஓடி வருவான். க, கா, கி, கீ எனத் தரை முழுவதும் வரிசையாக அடுக்குவான்.

அவனுக்கு ஆட்டிசம் இருப்பதாக மருத்துவ முகாமில் சான்று வழங்கியிருந்தார்கள். ஆனாலும் சொன்னதைக் கேளாமல் விளையாடுகிறான் என்று எண்ணி, முதல் வாரம் அட்டைகளை வாங்கி அலமாரியில் பூட்டினேன். காதைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் அழுதான். அது என் தவறு என்பது பிறகுதான் புரிந்தது.

அவன் தாய் ஒருநாள் கேட்டார்: "டீச்சர், இவன் என்னைய உம்மான்னு ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்ல. ஆனா கீழக்கரை பஸ்ஸு, சாயல்குடி பஸ்ஸுன்னு போர்டைப் பார்த்துப் படிக்கிறான். அக்கம்பக்கத்துல காத்துக் கருப்புங்கறாங்க. இது என்ன டீச்சர்?"

அந்தக் கேள்விக்காகவே நான் படிக்கத் தொடங்கினேன். 1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்களில் முதல் சிறுவன் மிகச் சிறு வயதிலேயே ஆங்கில நெடுங்கணக்கை முன்னும் பின்னுமாகச் சொன்னான் என்று அதில் பதிவு செய்துள்ளார். வயதை மீறி எழுத்துகளில் ஆழ்ந்து, கற்பிக்காமலே வாசிக்கும் இத்தன்மைக்கு 1967இல் சில்பர்பெர்க் இணையர் 'ஹைப்பர்லெக்சியா' என்று பெயரிட்டனர். ஆட்டிசம் உள்ள எல்லாக் குழந்தைகளிடமும் இது இருப்பதில்லை. எழுத்தில் ஆர்வம் காட்டும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஆட்டிசம் என்றும் கருதக் கூடாது. அதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

எழுத்து ஏன் இவர்களை ஈர்க்கிறது? பேச்சு காதில் விழுந்த உடனே மறைந்துவிடுகிறது; முகபாவம் நொடிக்கு நொடி மாறுகிறது. எழுத்தோ மாறாமல் நிற்கிறது. திரும்பத் திரும்பப் பார்க்கலாம். வடிவங்களின் ஒழுங்கை விரைந்து காணும் திறன் இக்குழந்தைகள் பலரிடம் மிகுதி. நம் தமிழ் எழுத்துகளிலும் அத்தகைய ஒழுங்கு உண்டு. 12 உயிரும் 18 மெய்யும் சேர்ந்து 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247. இந்த அட்டவணை அவனுக்குப் பிடித்த விளையாட்டு மைதானம்.

இங்கே நாம் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மூன்றாம் வகுப்புப் பத்தியை அவன் தடையின்றி வாசித்ததும், எண்ணும் எழுத்தும் பதிவில் 'மலர்' நிலை என்று குறிக்க நினைத்தேன். பிறகு நான்கு படங்களை வைத்து, "பூனை எது?" என்றேன். அவனால் காட்ட முடியவில்லை. வாசிப்பில் மலர், பொருள் உணர்வதில் அரும்பு. வாசிப்பை மட்டும் பார்த்திருந்தால், அவனுக்குத் தேவையான உதவி கிடைக்காமலே போயிருக்கும்.

வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநரின் ஆலோசனையுடன் சிலவற்றைச் செய்தேன்:

1. அட்டைகளுக்கு நேரம் ஒதுக்கினேன். முடியப்போவதை முன்கூட்டியே எழுதிக் காட்டினேன்.

2. சொல்லைப் பொருளோடு இணைத்தேன். குடத்தில் 'தண்ணீர்', கதவில் 'கதவு' என அட்டை ஒட்டினேன். சொல்லைப் படித்ததும் பொருளைத் தொடச் செய்தேன்.

3. அன்றைய நிகழ்வுகளை வரிசையாக எழுதிச் சுவரில் மாட்டினேன். அடுத்து என்ன என்று தெரிந்ததும் அவன் பதற்றம் குறைந்தது.

4. 'வேண்டும்', 'வேண்டாம்', 'வலிக்கிறது', 'கழிப்பறை' ஆகிய அட்டைகளை அவன் கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன்.

ஏழு வாரங்கள் சென்றன. ஒருநாள் ஒலிபெருக்கியைச் சோதிக்கும் சத்தம் கேட்டது. வழக்கமாக அலறுபவன், எழுந்து வந்து ஓர் அட்டையை என் கையில் வைத்தான். 'வேண்டாம்.' அவன் எனக்குச் சொன்ன முதல் சொல் அது. கதவைச் சாத்தினேன். பேச்சு இன்னும் வரவில்லை. ஆனால் சொன்னால் கேட்க ஆள் உண்டு என்பதை அவன் அறிந்துகொண்டான்.

ஏர்வாடியில் பணிபுரியும் எவரும் 2001 ஆகஸ்ட் 6ஐ மறக்க முடியாது. இங்கிருந்த ஒரு காப்பகத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநலப் பாதிப்புள்ளோர் 28 பேர் உயிரிழந்தனர். ஆட்டிசம் மனநோயன்று, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை மனநோயிலிருந்து வேறாகவே பட்டியலிட்டுள்ளது. ஆயினும் ஒருவரின் நடத்தை நமக்குப் புரியாதபோது, அவரைக் கட்டிப்போடத் துணிகிறோம் என்பதே இவ்வூர் சொல்லும் பாடம். அன்று நான் பூட்டிய அலமாரியும் ஒருவகைச் சங்கிலிதான்.

"காத்துக் கருப்பு இல்லம்மா. எழுத்து வழியாப் பேசப் பழகிட்டிருக்கான்" என்று அந்தத் தாயிடம் சொன்னேன். இப்போது அவர்கள் வீட்டுச் சுவரிலும் அட்டைகள் உள்ளன. அவற்றில் ஒன்றில் 'உம்மா' என்று எழுதி, அவரது புகைப்படத்தின் கீழ் ஒட்டியிருக்கிறார்.

உங்கள் வகுப்பிலும் அட்டைகளை அடுக்கும் குழந்தை இருந்தால், அட்டைகளைப் பறிக்காதீர்கள். அருகில் அமர்ந்து, ஒரு சொல்லைச் சேர்த்து வையுங்கள்.