மலையிலிருந்து மருத்துவரிடம் எவ்வளவு தூரம்?



வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் போளூர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறோம். பாம்பு கடித்துவிட்டால் 108-ஐ அழைக்கிறோம். ஆனால் வீட்டுப் பிள்ளை இரவெல்லாம் உறங்காமல் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தால்...? யாரிடமும் சொல்வதில்லை. கதவைச் சாத்திவிடுகிறோம். பிறகு யாரோ சொன்னார்கள் என்று மந்திரிக்கப் போகிறோம். ஒரு ஜெபக் கூட்டத்திலிருந்து இன்னொரு ஜெபக் கூட்டத்திற்கு ஓடுகிறோம். கடைசியில் மருத்துவரைப் பார்க்கும்போது ஆண்டுகள் சில கடந்திருக்கும், கையிருப்பும் கரைந்திருக்கும்.

இது ஏதோ ஓரிரு குடும்பங்களின் கதை என்று எண்ண வேண்டாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் தமிழகம் உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் 10.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்புடன் வாழ்வதாகக் கண்டது. அவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்கள், நோயின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம்! ஞாயிறு திருப்பலியில் 200 பெரியவர்கள் அமர்ந்திருந்தால் ஏறக்குறைய 20 பேர் இந்தக் கணக்கில் வருவார்கள்.

வெட்கம்தான் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தூரத்தை மறந்துவிடுகிறோம். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு வளைந்து இறங்கும் சாலை ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அங்கிருந்து திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இன்னும் 35. வேலூர் என்றால் 50. நோயாளி தனியாகப் போக முடியாது, எனவே இருவருக்குப் பேருந்துக் கட்டணம், இருவருக்குச் சாப்பாடு, இருவருக்கும் அன்றைய கூலி இழப்பு. சாமை அறுப்பு நேரத்தில் யார் போவார்? மாத்திரை இலவசம்தான், ஆனால் மாத்திரையை வாங்கப் போவது இலவசமல்லவே!

இங்கேதான் சிகிச்சை அறுந்துபோகிறது. மனச்சிதைவு போன்ற நோய்களுக்கு மருந்தை நீண்ட காலம் தொடர வேண்டும். இரண்டு மாதத்தில் தெளிவு வந்ததும், 'சரியாகிவிட்டதே' என்று நிறுத்திவிடுவோம். உடனே ஒன்றும் ஆகாது. சில வாரங்கள், சில மாதங்கள் கழித்து நோய் திரும்பும். அப்போது ஊரார், 'மருந்தெல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் கேட்கவில்லை' என்பார்கள். கேட்காமல் போனது மருந்தா, பேருந்தா?

மலைமக்களின் மனச்சுமை வேறு வகையிலும் பெருகியது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் 20 தமிழகத் தொழிலாளர்கள் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் ஜவ்வாது மலை, போளூர் வட்டாரங்களைச் சேர்ந்தவர்கள். இழப்பீடு பற்றிப் பேச்சு எழுந்தது, வழக்கும் நடந்தது. கைம்பெண்களாகிவிட்ட அந்த இளம் தாய்மாரின் உறக்கம் பற்றி எத்தனை பேர் கேட்டிருப்போம்?

சங்கிலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2001 ஆகஸ்ட் 6, ஆண்டவரின் உருமாற்ற விழா நாள். அன்று விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 மனநோயாளர்கள் மாண்டார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை முற்றாகத் தடை செய்தது. அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநலச் சேவைகளைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்றும் அது கூறுகிறது.

கெரசேனர் பகுதியில் கல்லறைகளிடையே திரிந்தவரை நினைத்துப் பாருங்கள் (மாற்கு 5). ஊரார் விலங்குகளாலும் சங்கிலிகளாலும் கட்டிப் பார்த்தார்கள். நலம் பெற்றபின் அவர் இயேசுவோடு வர விரும்பியபோது, ஆண்டவர் அவரை வீட்டிற்கு, உறவினரிடம் அனுப்பிவைக்கிறார். பேய் ஓட்டும் ஆர்வத்தில் இந்த முடிவை நாம் படிக்காமலே விட்டுவிடுகிறோம். மனநோய் மருத்துவ அறிவியலைச் சேர்ந்தது என்றும், பேயோட்டுதலுக்கு முன் அது நோயா என்று உறுதி செய்ய வேண்டும் என்றும் திருச்சபையின் மறைக்கல்வியே (எண் 1673) கூறுகிறது. செபியுங்கள், மாத்திரையை நிறுத்தாமல் செபியுங்கள்.

வீட்டாரோடு வைத்தே குணப்படுத்தும் வழி நமக்குப் புதிதல்ல. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம் 1957-ல் தொடங்கியது. அங்கே நோயாளியோடு குடும்பத்தார் ஒருவரும் தங்குவது வழக்கம். கடல்கடந்து பெல்ஜியத்தின் கீல் நகரில், புனித திம்ப்னாவின் கல்லறையை நாடி வந்த மனநோயாளர்களை ஊரார் தங்கள் வீடுகளிலேயே தங்க வைத்தார்கள். நடுக்காலத்தில் தொடங்கிய அந்த வழக்கம் இன்றும் அங்கே தொடர்கிறது.

ஜிம்பாப்வேயில் 2006-ல் மருத்துவர் டிக்சன் சிபாண்டா பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, மருத்துவமனை வளாகத்து மரப் பெஞ்சில் உட்கார வைத்தார். மனச்சோர்வோடு வருபவரிடம் அவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். 2016-ல் வெளியான ஆய்வில், இப்படிப் பேசியவர்களின் மனச்சோர்வு வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட நன்கு குறைந்திருந்தது. கடுமையான மனநோய்க்கு இது போதாது, அதற்கு மருத்துவரும் மருந்தும் கட்டாயம் வேண்டும். ஆனால் காதுகொடுத்துக் கேட்கும் பாட்டிமார் நம் அன்பியங்களில் இல்லையா என்ன?

அரசின் வழியும் இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல் நாட்டில் தொடங்கப்பட்டது. பெரிய நகரத்து மருத்துவமனையிலேயே காத்திராமல், மாவட்டத்துக்குள்ளேயே, வட்ட மருத்துவமனைகளில் குறித்த நாள்களில் மனநல மருத்துவரைப் பார்க்க வழிசெய்வது அதன் நோக்கம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. மனநோய்க்கான மாத்திரையும் அதே கைகளில் ஒவ்வொரு மலைக்கிராமத்துக்கும் மாதந்தோறும் ஏறிவர வேண்டும் என்று கிராம சபையில் நாம் கேட்கலாம். கேட்கவும் வேண்டும்.

அதுவரை நம் பங்குகளால் ஆகக்கூடியது இவ்வளவுதான். மனநல மருத்துவர் எந்த நாளில் இருப்பார் என்று வட்ட மருத்துவமனையில் கேட்டறிந்து, திருமண அறிக்கைகளோடு சேர்த்து அதையும் திருப்பலி முடிவில் வாசிக்கலாம். வின்சென்ட் தே பவுல் சபையினர் மாதம் ஒரு குடும்பத்துக்குப் பேருந்துச் செலவைக் கொடுத்து, ஒருவர் கூடவே போய்வரலாம். டெலி மானஸ் என்னும் இலவச மனநல உதவி எண் 14416, 2022 அக்டோபர் முதல் இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். மலையில் செல்போன் கோபுரம் எட்டாத ஊர்கள் உண்டு. அங்குள்ளவர்கள் சந்தைக்கு இறங்கும் நாளில் நம் பங்கு இல்லத்துத் தொலைபேசியைப் பயன்படுத்திக்கொள்ளட்டும்.