கணக்குக் கேட்கும் கடவுள்

கிறிஸ்தவம் சொல்லும் கடவுள் அன்பே உருவானவர். தொலைந்துபோன ஒற்றை ஆட்டைத் தேடி அலையும் மேய்ப்பனைப் போன்றவர், ஊதாரி மகனை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் தகப்பனைப் போன்றவர் என்று நற்செய்தி நூல்கள் அவரைக் காட்டுகின்றன. அவியாத நெருப்பையும், அழுகையும் பற்கடிப்பும் நிறைந்த இருளையும் பேசுவதும் அதே நூல்கள்தாம். அறுபது எழுபது வருடம் வாழ்ந்த மனிதனுக்கு முடிவே இல்லாத வேதனையைத் தண்டனையாகக் கொடுப்பது எந்த நியாயத்தில் சேர்த்தி? சார்லஸ் டார்வினை இந்தக் கேள்வி விடவில்லை. நம்பிக்கையற்றவர்கள் என்பதற்காகத் தம் தந்தையும் அண்ணனும் நெருங்கிய நண்பர்களும் என்றென்றும் தண்டிக்கப்படுவார்கள் என்றால், அது அருவருக்கத்தக்க போதனை என்று தன்வரலாற்றில் எழுதினார். அவருடைய மனைவி எம்மா கேட்டுக்கொண்டதால், 1887இல் நூல் வெளிவந்தபோது அந்தப் பகுதி விடப்பட்டது. 1958இல் வந்த முழுப் பதிப்பில்தான் அது மீண்டும் இடம்பெற்றது. டார்வினின் கேள்வி நேர்மையானது. அதற்கு நேர்மையான பதில் வேண்டும். நரகம் என்ற நம்பிக்கை எந்தக் கேள்விக்குப் பதிலாகப் பிறந்தது என்று தேடிப்போனால் அந்தப் பதில் கிடைக்கும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

எபிரேய வேதத்தின் பழைய பகுதிகளில் இன்று நாம் அறிந்த நரகம் இல்லை. இறந்தவர்கள் நல்லவர், கெட்டவர் என்ற வித்தியாசமின்றிப் பாதாளத்துக்குப் போகிறார்கள். நீதிமான் செழிப்பான், துன்மார்க்கன் அழிவான், எல்லாம் இந்த வாழ்விலேயே நடந்துவிடும் என்பதுதான் அன்றைய பொது நம்பிக்கை. குற்றமற்றவன் துன்பப்படுவதைச் சொல்லும் யோபுவின் கதை அதை உலுக்கியது, கி.மு. 167 வாக்கில் நடந்த கொடுமைகள் அதை உடைத்தே போட்டன. சிரியாவை ஆண்ட கிரேக்க மன்னன் நான்காம் அந்தியோக்கஸ் யூத சமய வாழ்வையே தடைசெய்தான். பிள்ளைக்கு விருத்தசேதனம் செய்வித்த தாய்மார்கள்கூடக் கொல்லப்பட்டார்கள். பன்றி இறைச்சியைத் தின்ன மறுத்த ஏழு சகோதரர்கள், தாயின் கண்ணெதிரே ஒருவர்பின் ஒருவராகச் சித்திரவதை செய்து கொல்லப்பட்டதை மக்கபேயர் இரண்டாம் நூல் விவரிக்கிறது. கடவுளுக்கு உண்மையாக இருந்த காரணத்தாலேயே செத்தவனுக்கு இந்த வாழ்வில் பலன் எங்கே? அவனைக் கொன்றுவிட்டு அரண்மனையில் படுத்துறங்குபவனை யார் கேட்பது? அதே நெருக்கடிக் காலத்தில் இன்றைய வடிவம் பெற்றதாகப் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதும் தானியேல் நூலில்தான், மண்ணில் உறங்குவோர் எழுந்து சிலர் நித்திய வாழ்வையும் சிலர் நித்திய இகழ்ச்சியையும் அடைவார்கள் என்ற நம்பிக்கை தெளிவாகத் தலைகாட்டுகிறது. ஆக, மறுமைத் தீர்ப்பு என்பது அநியாயமாகச் செத்தவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வாக்குறுதியாகப் பிறந்தது.

இயேசு அந்த மரபில் நின்றே பேசினார். நரகத்தைச் சுட்ட அவர் எடுத்துக்கொண்டது எருசலேமுக்குத் தெற்கே இருந்த இன்னோம் பள்ளத்தாக்கின் பெயரை. ஒரு காலத்தில் மோளேகு தெய்வத்துக்குப் பிள்ளைகளை நெருப்பில் பலிகொடுத்த இடம் அது. யோசியா மன்னன் அந்தப் பலிமேட்டைத் தீட்டுப்படுத்தி அந்தக் கொடுமைக்கு முடிவுகட்டினான். குழந்தைகளின் சாவு படிந்த அந்த மண்ணே கடவுளின் தீர்ப்புக்கு அடையாளமானது. மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் பிரிப்பதுபோல மனிதர்கள் பிரிக்கப்படும் காட்சி வருகிறது. அங்கே கேட்கப்படும் கேள்விகள் ஆறு விஷயங்களைப் பற்றியவை: பசித்தவன், தாகமாயிருந்தவன், அந்நியன், ஆடையில்லாதவன், நோயாளி, சிறையில் கிடந்தவன். இவர்களுக்கு நீ என்ன செய்தாய் என்பதைத் தவிர வேறெதையும் நீதிபதி கேட்பதில்லை. லூக்கா 16இல் வேதனைப்படும் பணக்காரன் யாரையும் கொன்றதாகவோ திருடியதாகவோ கதை சொல்லவில்லை. நாய்கள் புண்ணை நக்க, தன் வாசலில் பட்டினி கிடந்த லாசருவை அவன் கண்டுகொள்ளவில்லை, அவ்வளவுதான். அளவுக்கேற்ற தண்டனை என்ற நியாயமும் அங்கே உண்டு. எஜமானின் விருப்பம் தெரிந்தே தவறு செய்த வேலைக்காரனுக்கு அடி அதிகம், தெரியாமல் செய்தவனுக்குக் குறைவு என்கிறது லூக்கா 12.

பின்வந்த தலைமுறைகள் இந்த நீதியைவிட அந்த நெருப்பையே அதிகம் நினைத்துப் பார்த்தன. எகிப்தின் அக்மீமில் 1886-87இல் ஒரு கல்லறையிலிருந்து கிடைத்த கிரேக்கச் சுவடியில், இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பேதுருவின் திருவெளிப்பாடு’ என்ற நூலின் ஒரு பகுதி இருந்தது. வேதத்தில் சேராத நூல் அது. நாக்கால் தொங்கவிடப்பட்டவர்கள், சீழும் இரத்தமும் கலந்த சேற்றில் முழங்காலளவு நிற்கும் வட்டிக்காரர்கள் என்று அதன் வர்ணனை நீள்கிறது. விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் இரங்காத பணக்காரர்கள் அழுக்குக் கந்தல் உடுத்து, கொதிக்கும் கூர்கற்கள்மேல் புரள்கிறார்கள். ஏழையின் குரல் இன்னும் இதில் கேட்கத்தான் செய்கிறது. ஆனால் நூற்றாண்டுகள் போகப்போக வேதனைக் காட்சிகள் பெருகின, பாதிக்கப்பட்டவர்கள் படத்திலிருந்தே மறைந்தார்கள்.

அத்தோடு, முடிவில்லாத தண்டனை நியாயமா என்ற விவாதமும் எழுந்தது. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஓரிஜென், கடவுளின் தண்டனை மருத்துவனின் கத்தியைப் போன்றது, இறுதியில் எல்லா உயிர்களும் அவரிடம் திரும்பும் என்று எண்ணினார். 543இல் பேரரசர் ஜஸ்டினியன் அவருடைய கருத்துகளைக் கண்டித்து ஆணையிட்டார். ஏறக்குறைய அதே நம்பிக்கையை வெளியிட்ட நிசாவின் கிரகோரியைத் திருச்சபை இன்றும் புனிதராகவே போற்றுகிறது. எதிர்ப்பக்கம் நின்ற புனித அகஸ்டினின் வாதங்கள் வலுவானவை. நித்திய வாழ்வையும் நித்திய தண்டனையையும் மத்தேயு ஒரே வாக்கியத்தில் சொல்லும்போது, ஒன்று முடிவற்றது, மற்றது முடிவுள்ளது என எப்படிச் சொல்லலாம் என்று கேட்டார். கொலைக்கு ஒரு நிமிடம்தான் ஆகிறது. அதற்காக எந்த மன்றமாவது ஒரு நிமிடத் தண்டனை தருமா என்ற வகையிலும் வாதிட்டார். இடைக்கால இறையியலாளர் அன்செல்ம் இன்னொரு படி போனார்: எல்லையற்ற கடவுளுக்கு எதிரான குற்றத்தின் கடன் மனிதனால் அடைக்கவே முடியாதது.

இந்த வாதங்களை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் இவை கடைசிவரை நிற்கவில்லை. குற்றம் இழைக்கப்பட்டவரின் தகுதியைப் பொறுத்துக் குற்றத்தை அளப்பது பிரபுக்கள் காலத்து நியாயம். லாசருவை வாசலில் வைத்துக் கதை சொன்னவர் அந்த அளவுகோலைத் தலைகீழாக்கிவிட்டார். மனித மன்றங்கள் தரும் தண்டனைக்கு ஒரு நோக்கம் உண்டு: மற்றவர்களைக் காப்பது, குற்றவாளியைத் திருத்துவது, பாதிக்கப்பட்டவருக்கு உண்மையை நிலைநாட்டுவது. கோடி ஆண்டு வேதனைக்குப் பிறகு வரும் இன்னொரு நாள் வேதனையால் இவற்றில் எது நிறைவேறும்? நித்தியம் என்ற சொல்லுக்கும் வேதத்திலேயே விடை இருக்கிறது. சோதோம் நித்திய அக்கினியின் தண்டனையை அடைந்தது என்கிறது யூதாவின் நிருபம். அந்த நெருப்பு இன்று எரியவில்லை, அழிவு மட்டும் மாற்ற முடியாததாக நிற்கிறது. தீர்ப்பு இறுதியானது என்பதாலேயே வேதனையும் ஓயாதது என்றாகிவிடாது. வேதத்தை உயிராய் மதித்த ஆங்கிலிக்கப் போதகர் ஜான் ஸ்டாட்கூட 1988இல், தீயோரின் முடிவு ஓயாத வேதனையாக அல்லாமல் அழிவாக இருக்கலாம் என்று தயக்கத்தோடு எழுதினார்.

நரக பயம் போய்விட்டால் ஒழுக்கமும் போய்விடும் என்பார்கள். 1741இல் அமெரிக்காவின் என்ஃபீல்டில் ஜொனத்தான் எட்வர்ட்ஸ் செய்த நரகப் பிரசங்கம் உலகப் புகழ்பெற்றது, கேட்டவர்கள் கதறினார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன்பு, 1731இல், அதே எட்வர்ட்ஸ் நியூபோர்ட் துறைமுகத்தில் வீனஸ் என்ற சுமார் 14 வயதுக் கறுப்பினச் சிறுமியை 80 பவுண்டுக்கு விலைக்கு வாங்கியிருந்தார். விற்பனைச் சீட்டு இன்றும் இருக்கிறது. நரகத்தை அவரளவு நம்பியவர்கள் குறைவு. அந்த நம்பிக்கை, அந்நியளாய் வந்த ஒரு சிறுமியை விலைபேசுவது குற்றம் என்று அவருக்கு உணர்த்தவில்லை. பயம் மட்டுமே மனிதனை நீதிமானாக்கிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அப்படியானால் நரகத்தையே விட்டுவிடலாமே என்று இன்னொரு தரப்பு கேட்கும். விட முடியாது. யூகோஸ்லாவியப் போர்களின் பின்னணியில் 1996இல் எழுதிய குரோவாசிய இறையியலாளர் மிரொஸ்லாவ் வோல்ஃப், தீர்ப்பே வழங்காத சாந்தமான கடவுள் என்பது அமைதியான வீட்டில் வாழ்பவரின் கற்பனை என்றார். வீடு கொளுத்தப்பட்டவனிடம், உறவினரைப் பறிகொடுத்தவனிடம், பழிவாங்காதே என்று சொல்ல வேண்டுமானால், கேட்பதற்கு மேலே ஒருவர் இருக்கிறார் என்ற உறுதி வேண்டும் என்பது அவர் வாதம். நரகம் என்பது ஓர் இடம் என்பதைவிட, கடவுளைத் தானாகவே விட்டு விலகிய மனிதனின் நிலை என்று 1999இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் விளக்கினார். கடவுளைக் கொடூரர் என்னும் பழியை இது நீக்குகிறது. ஆனால் அந்த மனிதன் விட்டு விலகியது கடவுளை மட்டுமல்ல, தன் வாசலில் கிடந்தவனையும்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் விளக்கம் முழுமையாகும்.

டார்வினின் தந்தைக்கும் நண்பர்களுக்கும் உரிய பதிலும் இதில் அடங்கியிருக்கிறது. தங்கள் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாமல், மனசாட்சியின்படி நடப்பவர்களும் மீட்படையலாம் என்று 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. மத்தேயுவின் தீர்ப்புக் காட்சியிலும் இரு தரப்பாரும் ஆச்சரியத்தோடு கேட்கும் கேள்வி ஒன்றுதான்: உம்மை எப்போது கண்டோம்? நல்லவர்களும் அவரை அறியாமலேதான் அவருக்குப் பணிசெய்திருந்தார்கள்.

எத்தனையோ பேரைப் புனிதர் என்று அறிவித்த கத்தோலிக்கத் திருச்சபை, இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரைக்கூட, யூதாஸைக்கூட, இதுவரை அறிவித்ததில்லை. பிரசங்க மேடைகளும் அந்த நிதானத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும். அடுத்த மதத்தவனையும் சந்தேகப்படுபவனையும் நெருப்பைக் காட்டி மிரட்டுவது இயேசு வரைந்த தீர்ப்புக் காட்சிக்கே முரணானது. நரகத்தைப் பற்றிப் பேசுகிறவர் முதலில் பசித்தவனையும் அந்நியனையும் கைதியையும் பற்றிப் பேசட்டும். கேட்கிறவர்கள் தங்கள் வாசலைப் பார்க்கட்டும்.